மூச்சுக் கோபுரத்துக்குப் பாலாபிஷேகம்

நிலாவில் எந்தப் பொருளுக்கும் எடை ஆறில் ஒரு பங்குதான் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மதிநகரின் மூச்சுக் கோபுரத்தை வடிவமைத்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பூமியில் ஏதோ ஓர் உரத் தொழிற்சாலைக்காக வரைந்த படம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. நல்ல படம். விழவேண்டிய முத்திரைகள் எல்லாம் விழுந்திருந்தன. ஈர்ப்புவிசை மாறிவிட்டது என்ற அற்பக் காரணத்துக்காக அவ்வளவு முத்திரைகளையும் வீணாக்க யாருக்கு மனம் வரும்? மேல் மூலையில் இருந்த ஊர்ப் பெயரை அழித்துவிட்டு ‘நிலா’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

கோபுரம் செய்யவேண்டிய வேலை எளியதுதான். உயரமான எஃகு உருளை ஒன்று. அதன் உள்ளே விரற்கடை அளவுள்ள உலோக வளையங்கள் லட்சக்கணக்கில் கொட்டிக் கிடக்கும். மேலிருந்து காரத் திரவம் வளையங்களை நனைத்துக்கொண்டு வழியும். ஊர் மூச்சுவிட்டுக் கெடுத்த காற்றைக் கீழிருந்து பெரிய விசிறிகள் மேலே தள்ளும். நடுவழியில் இரண்டும் உரசிக்கொள்ளும்போது திரவம் கரியமில வாயுவைப் பிடுங்கிக்கொண்டு கீழே இறங்கும். தேறிய காற்று மறுபடி ஊருக்குள் போகும். நிலாத் தரைக்கு அடியில் குடைந்த மூன்று நீளச் சுரங்கங்கள்தான் மதிநகர். நிர்வாகியின் மூச்சும் பாறை துளைப்பவனின் மூச்சும் அந்த ஒரே உருளை வழியாகத்தான் போய்வந்தன. மதிநகரில் சமத்துவம் நிலவிய ஒரே இடம் அந்த உருளையின் உள்பக்கம்.

வெளியே அப்படி இல்லை. அ வரிசைச் சுரங்கத்தில் நிர்வாகமும் பொறியாளர்களும் குடியிருந்தார்கள். ஆ வரிசையில் அலுவலகங்கள். இ வரிசையில் ஒப்பந்தத் துளைப்பாளர்கள். யார் எங்கே குடியிருக்கலாம் என்பதைப் பதவித் தரம் முடிவுசெய்தது. கல்யாணம் என்ற ஏற்பாடு மனிதர்களிடையே உண்டு என்பது விதி எழுதியவரின் நினைவுக்கு வரவில்லை. அதனால் கோபுரப் பொறியாளர் செண்பகவல்லி அ வரிசையிலும் அவள் கணவன் தவசி இ வரிசையிலும் இருந்தார்கள். பூமியில் இருந்திருந்தால் ஒரே வீட்டில் சண்டை போட்டிருப்பார்கள். இங்கே சண்டைக்குக்கூட வருகை அனுமதி வாங்கவேண்டியிருந்தது.

அவள் கோவில்பட்டிக்காரி. அவனுக்குத் தென்காசிப் பக்கம். கல்குவாரியில் துளை போட்டுப் பழகியவன். நிலாவில்தான் சந்தித்தார்கள். இ வரிசையில் ஒருநாள் காற்று மந்தமாக இருப்பதாகப் புகார் வந்து அவள் பார்க்கப் போனபோது, கோபுரம் பாதி வேகத்தில்தான் ஓடும் என்று அவள் சொன்னதற்கு எல்லோரும் தலையாட்டிக்கொண்டு நிற்க, அவன் ஒருவன்தான் அது என்ன கோபுரம், ஏன் பாதி வேகத்தில் ஓடுகிறது என்று கேட்டான்.

“திருவிழா சமயத்துல திருச்செந்தூர் பஸ்ல ஏறியிருக்கீங்களா?” என்று அவள் கேட்டாள்.

“ஏறாம? சன்னல் வழியாவே ஏறியிருக்கேன்.”

“இறங்குறவன் இறங்குததுக்கு முன்னாலயே ஏறுறவன் ஏறுவாம்லா. இறங்க வேண்டியவன் படியிலயே மாட்டிக்கிட்டு நிப்பான். அப்படிப் படியில நிக்கிற கூட்டந்தான் தேக்கம். எங்க கோபுரத்துல இறங்குறது திரவம், ஏறுறது காத்து. படியில கொஞ்சம் கூட்டம் இருக்கத்தான் வேணும். உரசுனாத்தானே பர்ஸு கைமாறும்.”

“அப்ப உங்க திரவம் பிக்பாக்கெட்டு.”

“ஆமா. காத்து வச்சிருக்க கரியமில வாயுவை அடிச்சுக்கிட்டு இறங்கிரும். ஆனா ஏறுற கூட்டம் அளவுக்கு மீறித் தள்ளுச்சுன்னா இறங்குறவன் ஒருத்தனும் இறங்க முடியாது. மேலயே அடைச்சுக்கிட்டு நிப்பான். அப்புறம் ஏறுறவனுக்கும் வழி இல்ல.”

“சரி. நிலாவுல என்ன விசேசம்?”

“இங்க இறங்குறவனுக்கு அவசரமே கிடையாது. எடை இல்லைல்லா, கோயில் சப்பரம் மாதிரி நின்னு நின்னு வருவான். அதனால விசிறியைப் பாதி வேகத்துக்கு மேல ஓட்ட முடியாது.”

கூட்டம் கலைந்த பிறகும் சிலர் படியில் நின்று கதை பேசிக்கொண்டிருப்பார்களே, அவர்களை என்ன செய்வீர்கள் என்று அவன் கேட்டான். படித்து முடித்த பிறகு அவளிடம் யாரும் கேட்டிராத நல்ல கேள்வி அது. வளையங்களின் இடுக்கில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இறங்காத திரவமும் கொஞ்சம் உண்டு, எதை நிறுத்தினாலும் அது அங்கேயேதான் இருக்கும் என்றாள். இரண்டு மாதம் கழித்து ஆ வரிசை அலுவலகம் ஒன்றில் கல்யாணம் பதிவாயிற்று. அன்று முதல் அவன் அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டான். அவள் தடுத்துப் பார்த்தாள். தரத்தில் உயர்ந்தவர்களுக்கு மரியாதை தராவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்று சொல்லிவிட்டான்.

மதிநகரின் நிர்வாகி புஷ்பநாதன் நல்ல மனிதர். அதாவது, தன்னால் முடிந்த நன்மைகளைத் தனக்கு மேலே இருப்பவர்களுக்கு மறக்காமல் செய்வார். இ வரிசைக்கு இன்னொரு குளியலறை, இன்னொரு விளக்கு, ஒரு நல்ல சமையலறை என்று யாராவது கேட்டால் பொறுமையாகப் புன்னகைப்பார். மேலே வளம் பெருகட்டும், ஊற்றினால் கீழே வரத்தானே வேண்டும் என்பார். தேக்கத்தைப் பற்றி மூன்று வருடம் படித்திருந்த செண்பகவல்லி அந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் காலணியைப் பார்த்துக்கொள்வாள்.

மதிநகரின் ஐந்தாம் ஆண்டு விழாவுக்குப் பூமியிலிருந்து வாரியத் தலைவர் வருவதாக முடிவானது. கோபுரத்தைத் தொடங்கிய நாளிலேயே யாரோ அதற்குச் சந்தனம் வைத்திருந்தார்கள். அடுத்த வருடம் மாலை வந்தது. அதற்கடுத்த வருடம் உச்சியில் எலுமிச்சம்பழம். பெயர் கோபுரம் என்று அமைந்துவிட்ட பிறகு இவற்றைத் தவிர்க்க முடியாது. ஐந்தாம் ஆண்டுக்கு அபிஷேகம் செய்துவிடலாம் என்று விழாக் குழு கருதியது. வாரியத் தலைவர் தம் வீட்டுப் பசுவின் பாலைத் தாமே கொண்டுவருவதாகச் செய்தி அனுப்பினார். விண்கலத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. பால்குடமும் சால்வைகளும் ஏறுவதற்காக ஏதாவது இறங்கவேண்டியிருந்தது. கோபுரத்துக்கு வரவேண்டிய நுரையடக்கி மருந்து டப்பாக்கள் இறக்கப்பட்டன. யாருக்கும் என்னவென்று புரியாத பெயர் அவற்றின்மேல்தான் எழுதியிருந்தது.

பாலைக் கோபுரத்தின் வெளிப்பக்கம் ஊற்றச் சொல்லி செண்பகவல்லி மன்றாடினாள். புஷ்பநாதன் பாதுகாப்பு விதிகளைப் புரட்டிப் பார்த்தார். கோபுரத்தின் வெளிப்பக்கம் மின்கம்பிகள் போகின்றன. அங்கே எந்தத் திரவத்தையும் ஊற்றுவது விதிமீறல். உச்சி மூடியைத் திறந்து உள்ளே ஊற்றுவதைப் பற்றி விதிகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே பாதுகாப்பை முன்னிட்டு உள்ளே ஊற்றுவதென்று முடிவாயிற்று.

“உள்ள ஊத்தினா நுரைக்கும் சார்,” என்றாள் அவள். “இங்க நுரை சீக்கிரத்துல உடையாது. நுரை உடையலைன்னா திரவம் இறங்காது.”

“ஒரு சொம்பு பால்மா.”

“காப்பியில ஒரு ஈ விழுந்தாலும் ஒரே ஒரு ஈதான் சார்.”

அவர் சிரித்தார். நல்ல உவமை என்று பாராட்டிவிட்டு, விழாவன்று பட்டுப்புடவை கட்டி வந்து பன்னீர் தெளிக்கும் பொறுப்பை அவளுக்குக் கொடுத்தார். பெண் பொறியாளர்களை முன்னிலைப்படுத்துவது வாரியத்தின் கொள்கை.

நல்ல நேரம் பார்ப்பதில் சிறு சிக்கல் எழுந்தது. நிலாவில் சூரிய உதயம் மாதத்துக்கு ஒருமுறைதான் என்பதால், இங்கே ராகுகாலம் தொடங்கினால் ஏறக்குறைய இரண்டு நாள் நீடிக்கும் என்று ஒருவர் கணக்குச் சொல்லி எல்லோரையும் கலங்கடித்தார். கடைசியில் சென்னை நேரத்தையே வைத்துக்கொண்டார்கள். குறித்த வேளையில் வாரியத் தலைவர் உச்சி மேடையில் நின்று குடத்தைச் சாய்த்தார். குறைந்த எடையில் பால் வெள்ளைத் துணி அவிழ்வதைப் போல மெதுவாக இறங்கி மூடிக்குள் போனது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. செண்பகவல்லிகூட ஒரு கணம் பன்னீர்ச் சொம்பைப் பிடித்தபடி அதையே பார்த்தாள். நிலாத் தரைக்கு மேல் எழுந்த கோபுர உச்சியின் கண்ணாடி விதானத்துக்கு அப்பால் பூமி நீலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே, அந்த நீலத்துக்குள் எங்கோ, பாலுக்குரிய மாடு எதுவும் அறியாமல் அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

கூட்டம் அ வரிசையின் பெரிய மண்டபத்துக்குப் போய் அமர்ந்தது. நிகழ்ச்சி பூமிக்கு நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. தலைவர் பேசத் தொடங்கியதும் செண்பகவல்லி பன்னீர்ச் சொம்போடு நழுவி, கோபுரத்தடியில் இருந்த கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள்.

அங்கே இருந்த இயக்குபவர் பெனடிக்ட், மணப்பாட்டுக்காரர், திரையைக் காட்டினார். கீழ்த்தொட்டியில் திரவம் குறைந்துகொண்டே வந்தது. எங்கும் கசிவு இல்லை. மேலே ஏற்றிய திரவம் கீழே வரவில்லை, அவ்வளவுதான். இறங்கவேண்டியவர்கள் அத்தனை பேரும் படியில் நின்றுவிட்டார்கள். காற்றை மேலே தள்ள விசிறிகள் முக்கி முனகின.

செய்யவேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியும். விசிறிகளை ஒரு மணி நேரம் நிறுத்தவேண்டும். கீழிருந்து தள்ளுவது நின்றால் நுரை மெல்ல அடங்கித் திரவம் தானாக இறங்கிவிடும். பால் கலந்ததை வடித்துக் கொட்டிவிட்டுப் புதுத் திரவம் ஏற்றி மறுபடி ஓட்டலாம். ஒரு மணி நேரத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகாது; எல்லோரும் கொஞ்சம் கொட்டாவி விடுவார்கள்.

அவள் சொல்லி அனுப்பியதும் புஷ்பநாதன் கழுத்து மாலையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டார். பால் பொங்குவது நல்ல சகுனம்தானே என்றார். புதுவீடு புகும்போது வேண்டுமென்றே பொங்க விடுகிறோமே. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விசிறிகளை நிறுத்த அனுமதி கேட்டாள். அவர் முகம் மாறியது. ஐந்து வருடமாக இராப்பகலாய்க் கேட்கும் அந்த இரைச்சல் நின்றால் மண்டபத்தில் இருப்பவர்கள் அடுத்த நொடியே எழுந்துவிடுவார்கள். தலைவர் பேசிக்கொண்டிருக்கிறார். பூமியே பார்த்துக்கொண்டிருக்கிறது. அபிஷேகம் முடிந்த கையோடு கோபுரத்தை நிறுத்துவது, ஏற்றிய விளக்கை வாயால் ஊதி அணைப்பதற்குச் சமம்.

“எங்க வீட்டுல பருப்பு பொங்கினா ஒரு சொட்டு எண்ணெய் விடுவாங்க,” என்றார் யோசனையோடு.

“இது காரத் திரவம் சார். எண்ணெய் விட்டா முதல்ல அடங்கும். அப்புறம் அதுவே சோப்பாயிரும்.”

அவர் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார். குத்துவிளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெய் முழுவதும் கோபுரத்துக்குள் போனது. நுரை சட்டென்று படுத்தது; விசிறிகள் நிம்மதியாக மூச்சுவிட்டன. புஷ்பநாதன் அவளைப் பார்த்து அனுபவம் என்று ஒன்று இருக்கிறது அம்மா என்றார். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் சோப்பாயிற்று. பாலும் சோப்பும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை விளக்கவேண்டியதில்லை. அடுத்துத் தேனும் பஞ்சாமிர்தமும் ஊற்றச் சொல்வாரோ என்று அவள் பயந்தாள். பால், எண்ணெய் என்று அபிஷேகப் பொருள்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தன.

அவர் வேறு வழி கண்டார். கட்டுப்பாட்டு அறைச் சுவரில் மூன்று கைப்பிடிகள் இருந்தன, வரிசைக்கு ஒன்று. எந்தக் கைப்பிடியை இறக்கினாலும் அந்த வரிசையின் காற்றுக்கதவு மூடிக்கொள்ளும். ஒரு வரிசையின் காற்று குறைந்தால் கோபுரத்தின் பாரமும் குறையும். விசிறியை மெதுவாக்கி விழா முடியும்வரை ஓட்டிவிடலாம். இ வரிசைக்கு இன்று விடுமுறை. சும்மா படுத்துக்கிடப்பவர்களுக்கு எதற்கு அவ்வளவு காற்று? சொல்லிக்கொண்டே அவர் பெனடிக்ட்டைப் பார்த்தார். பெனடிக்ட் செண்பகவல்லியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்றாள். புஷ்பநாதன் மூன்றாம் கைப்பிடியைத் தாமே இறக்கிவிட்டு, மாலையைச் சரிசெய்துகொண்டு மண்டபத்துக்குத் திரும்பினார். போகிற போக்கில், தொட்டால் வேலை போய்விடும் என்பதை மிகவும் அன்பாகச் சொன்னார். அவளையும் பெனடிக்ட்டையும் அடுத்த கலத்திலேயே பூமிக்கு அனுப்பிவிடுவாராம்.

இ வரிசை மூன்றில் சின்னது. ஆட்களோ அதில்தான் அதிகம். காற்றை மூடினால் முதலில் கெடுவது அதுதான். அரை மணி நேரம் அவள் கோபுரத்தோடு மல்லுக்கட்டினாள். திரவத்தைக் குறைத்துப் பார்த்தாள், விசிறியைத் தணித்துப் பார்த்தாள். கோபுரம் அசையவில்லை. இ வரிசைக்குத் தொலைபேசி போட்டபோது நெடுநேரம் மணி அடித்தது.

“மேடம்,” என்றான் தவசி. குரல் எங்கோ கிணற்றடியிலிருந்து வந்தது. “லீவுன்னு பூராப் பயலும் தூங்குதானுவ. எனக்கும் கண்ணைச் சொக்குது. மண்டைக்குள்ள மட்டும் எவனோ துளை போடுதான். எங்க கம்பெனி ஆளாத்தான் இருக்கும்.”

“இசக்கி அண்ணன் எங்க?”

இசக்கிமுத்து அவர்களிடையே மூத்த துளைப்பாளர். கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். சுரங்கத்தின் கடைசி அறை அவருடையது.

“உள்ளதான். எழுப்புனேன், எந்திரிக்கல. குறட்டை ஒருமாதிரி வருது. ஓடிவந்த நாய் இளைக்குமே, அப்படி.”

“அவரை முன்னால இழுத்துட்டு வாங்க. எல்லாரையும் கதவுப் பக்கம் கொண்டாங்க. நீங்க உக்காராதீங்க. உக்காந்தா எந்திரிக்க மாட்டீங்க.”

“மேல எதும் கோளாறா?”

“பால் பொங்கிருச்சு,” என்றாள்.

அவன் சிரிக்க முயன்றது கேட்டது. பிறகு தொலைபேசி எதன்மேலோ மோதி விழும் ஓசை. அவன் காலடிகள் உள்ளே போயின. திரும்பி வருகிறானா என்று காதுகொடுத்து நின்றாள். வரவில்லை. தொலைபேசி வழியே இ வரிசை முழுவதும் மூச்சு வாங்குவது மட்டும், கடல் ஓரமாய் நிற்பதுபோல், கேட்டுக்கொண்டிருந்தது.

எதிர்த் திரையில் நேரலை. தலைவர் மதிநகரின் ஒவ்வொரு மூச்சும் நம் பொறுப்பு என்று பேசிக்கொண்டிருந்தார். மண்டபம் கை தட்டியது. கை தட்டினாலும் மூச்சு வாங்கும், அதற்கும் கோபுரம்தான் வேலைசெய்யவேண்டும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

பெனடிக்ட் எழுந்தார். “நான் பாத்ரூம் வரைக்கும் போயிட்டு வாரேன் மேடம். எனக்குக் கொஞ்சம் வயிறு சரியில்ல. நேரமாகும்.” வாசலில் நின்று, திரும்பாமலே, “மூணாம் கைப்பிடி கொஞ்சம் இறுக்கமா இருக்கும். அழுத்தித் தூக்கணும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அழுத்தித் தூக்கினாள். இ வரிசையின் கதவு திறந்தது. ஆனால் திறந்தால் மட்டும் போதாது. மூன்று வரிசையின் காற்றையும் கோபுரம் தாங்காது. ஏதாவது ஒன்றை மூடியே ஆகவேண்டும். பட்டுப்புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் முதல் கைப்பிடியை இறக்கினாள். அ வரிசையின் காற்றுக்கதவு தொலைவில் சாத்திக்கொள்ளும் மெல்லிய ஒலி கேட்டது.

மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். மூடிய அறையில் அவ்வளவு பேர், அதிலும் பேசியும் கை தட்டியும். நேரலையில் முதல் கொட்டாவி வாரியச் செயலாளரிடமிருந்து வந்தது. அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வாக்கியங்களைச் சற்று இடைவெளி விட்டுப் பேசத் தொடங்கினார். இடைவெளிகள் நீண்டன. புஷ்பநாதன் தலையைப் பின்னால் சாய்த்து, மாலை மார்பில் ஏறி இறங்க, வாயைத் திறந்தபடி அமைதியானார். கடைசியில் தலைவர், நம் எதிர்காலம் என்று சொல்லிவிட்டு, அடுத்த சொல்லுக்காகக் கண்ணை மூடினார். கைகள் வணங்கிய நிலையில் நின்றுவிட்டன. எடை குறைந்த இடம் என்பதால் உடனே சரியவில்லை. மெல்ல, மிக மெல்ல, நாற்காலியில் அமர்ந்து உறங்கிப்போனார்.

இ வரிசைக்குப் போதுமான காற்று போய்விட்டதை அளவுமானியில் பார்த்துவிட்டு அவள் விசிறிகளை நிறுத்தினாள். ஐந்து வருடத்தில் முதல்முறையாக மதிநகரில் ஓசை இல்லை. யாரும் எழவில்லை. அந்த மௌனத்தில் கோபுரத்துக்குள்ளிருந்து முதல் சொட்டு விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு மழை. நின்றவர்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள். கீழ்த்தொட்டி சோப்பும் பாலுமாய் வெள்ளை வெளேரென்று நிரம்பியது. அவள் அதை வடித்து வெளியேற்றினாள். புதுத் திரவம் ஏற்றினாள். இடையிடையே மண்டபத்தில் எல்லோருக்கும் மார்பு ஏறி இறங்குகிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டாள், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு அடுப்பு வேலை பார்க்கும் தாயைப் போல. வேலை முடிந்ததும் விசிறிகளை ஓட்டி, முதல் கைப்பிடியைத் தூக்கிவிட்டாள். பெனடிக்ட் சரியாக அப்போது வயிறு தேவலையாகி வந்தார்.

தவசி கதவருகே கிடந்தான். அவன் விரல்களின் பிடியில் இசக்கிமுத்துவின் சட்டைக் காலர் இருந்தது. அவனுக்கு இரண்டு நாள் தலைவலியோடு போயிற்று. இசக்கிமுத்து கண் விழித்தார், எழுந்தார், சாப்பிட்டார். சொற்கள் மட்டும் திரும்பவில்லை. தண்ணீரைக் காட்டிக் கேட்டால் அது என்னவென்று தெரிந்து சிரிப்பார், பெயர் வராது. அவருடைய சொற்கள் மேலே எந்த இடுக்கிலோ தங்கிவிட்டன.

தன்னை அடுத்த கலத்தில் அனுப்பிவிடுவார்கள் என்று செண்பகவல்லி பெட்டியைக் கட்டி வைத்தாள். மூன்றாம் நாள் புஷ்பநாதன் அவளைக் கூப்பிட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

பூமியில் அந்த நேரலையைக் கோடிக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். பேச்சின் நடுவே ஒரு தலைவர் தியானத்தில் ஆழ்வதையும், இருநூறு பேர் ஒருசேர மௌனத்தில் அமர்வதையும், ஒரு மணி நேரம் யாரும் அசையாததையும் மனிதகுலம் அதற்கு முன் கண்டதில்லை. இரண்டு பல்கலைக்கழகங்கள் தலைவருக்குப் பட்டம் அறிவித்திருந்தன. பால் உள்ளே இறங்கிய சிறிது நேரத்தில் அந்த அமைதி வந்ததை எல்லோரும் கவனித்திருந்தார்கள்.

“இருபது வருசத்துல நான் அப்படித் தூங்கினதே இல்லம்மா,” என்றார் புஷ்பநாதன். “தலைவரும் அதையேதான் சொன்னாரு. வருசாவருசம் வேணும்னு கேக்குறாரு. உன்னால முடியுமா?”

அவள் காலணியைப் பார்த்துக்கொண்டாள். முடியும் என்றாள். ஆனால் பால் நேராகக் கோபுரத்துக்குள் போனால் சாந்நித்தியம் கலைந்துவிடும். உச்சியில் பித்தளைப் புனல் ஒன்று வைத்து, தனிக்குழாய் வழியாகக் கீழே இறக்கவேண்டும். அந்த வேளையில் முதல் கைப்பிடி இறக்கியிருக்கவேண்டும். இரண்டையும் எழுத்தில் கொடுத்தால் செய்வதாகச் சொன்னாள். பித்தளை என்றதும் அவர் உடனே ஒப்புக்கொண்டார். இசக்கிமுத்து பற்றிக் கேட்டாள். விசாரணை முடிந்துவிட்டது என்றார். அவர் இயல்பிலேயே ஆழமாக மூச்சுவிடும் பழக்கம் உள்ளவராம். அடுத்த கலத்தில் ஒரு சால்வையோடு பூமிக்கு அனுப்புகிறார்கள்.

பரிசாக என்ன வேண்டும் என்று புஷ்பநாதன் வற்புறுத்தினார். கணவனை அ வரிசைக்கு மாற்றக் கேட்பாள் என்று எதிர்பார்த்து, அது ஏன் முடியாது என்பதற்குக் காரணமும் தயாராக வைத்திருந்தார். அவள் தன்னை இ வரிசைக்கு மாற்றக் கேட்டாள். அவர் அவளுடைய எளிமையைக் கண்டு நெகிழ்ந்துபோனார். கீழே இறங்குவதைத் தடுக்க விதி ஒன்றும் இல்லை.

அடுத்த ஆண்டு விழாவில் வாரியத் தலைவர் குடத்தைச் சாய்த்தார். பால் பித்தளைப் புனலுக்குள் வெள்ளைத் துணியாக அவிழ்ந்து இறங்கியது. நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வமான ஆணைப்படி பெனடிக்ட் முதல் கைப்பிடியை இறக்கினார். இ வரிசையின் சமையலறையில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாயின் கீழே தவசி பாத்திரத்தோடு குந்தியிருந்தான். அடுப்பில் சேமியா வெந்துகொண்டிருந்தது. இசக்கிமுத்துவின் தம்ளரைக் கழுவி வழக்கமான இடத்தில் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு குழாய் நுனியில் ஒரு சொட்டுத் திரண்டு, யோசித்து, விழுந்தது.

“மேல ஊத்துனது கீழ வந்து சேர ஆறு வருசம் ஆச்சே மேடம்,” என்றான்.

“நடுவுல கொஞ்சம் தங்கத்தான் செய்யும்,” என்றாள் செண்பகவல்லி.

மேலே ஒலிபெருக்கியில் தலைவரின் பேச்சு வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விட ஆரம்பித்திருந்தது. அவள் கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, மண்டபத்தில் இருப்பவர்களின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கக் கட்டுப்பாட்டு அறைக்கு நடந்தாள்.